மட்டக்களப்பு வெயிலில் சிலிப்பர் ஓர்கிட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் டென்ரோபியம், வண்டா ஓர்கிட்டுகளை வளர்த்துப் பழகியவர்கள் அடுத்ததாக ஆசைப்படுவது பெரும்பாலும் சிலிப்பர் ஓர்கிட். வாங்கிய முதல் கோடையிலேயே அதைப் பறிகொடுப்பவர்களும் அவர்கள்தான். டென்ரோபியத்துக்குச் செய்ததை அப்படியே இதற்கும் செய்வதுதான் காரணம். கீழே உள்ள பதில்கள் கடலோர வெப்பம், உப்புக் கிணறு, கச்சான் எனும் கோடைக்கால உலர் காற்று, மாரி மழை ஆகிய நான்கையும் கணக்கில் எடுத்து எழுதப்பட்டவை.

சிலிப்பர் ஓர்கிட் என்பது எந்தச் செடி? டென்ரோபியத்திலிருந்து எப்படி வேறுபடுகிறது?

பூவின் கீழிதழ் குழந்தைச் செருப்பின் முன்பக்கம் போலக் குழிந்து ஒரு பையாக நிற்கும். அதனால்தான் இந்தப் பெயர். தாவரவியலில் பாபியோபெடிலம், வளர்ப்பவர்கள் பாபியோ என்பார்கள். அந்தப் பை ஒரு பொறி. விளிம்பில் வந்து உட்காரும் சிறு ஈ வழுக்கி உள்ளே விழும், வந்த வழியே ஏற முடியாது. பையின் பின்சுவரில் உள்ள மயிர்களைப் பிடித்து ஏறி, சூல்முடியையும் மகரந்தத்தையும் உரசிக்கொண்டு பின்வாசலால்தான் வெளியேற வேண்டும்.

வளர்ப்பவர் மனதில் வைக்க வேண்டிய வேறுபாடுகள் இரண்டு. டென்ரோபியத்தின் தடித்த தண்டு ஒரு தண்ணீர்த் தாங்கி. ஒரு வாரம் காய்ந்தாலும் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். பாபியோவுக்கு அப்படியொரு தண்டு கிடையாது. இலைகள் ஒரு விசிறி போல அடுக்காக வரும், அடியில் சில வேர்கள் இருக்கும், அவ்வளவுதான். ஆகவே அது முழுதாகக் காயவும் கூடாது, தண்ணீரில் ஊறிக் கிடக்கவும் கூடாது. காட்டில் அது இலைச்சருகுப் படுக்கையிலும் சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளிலும் வளர்வது: ஈரம் உண்டு, காற்றும் உண்டு, தேங்கிய நீர் இல்லை.

இரண்டாவது வேறுபாட்டை வாழையை நினைத்தால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு வாழை ஒரு முறைதான் குலை போடும், பிறகு பக்கத்துக் குட்டி வரும். பாபியோவிலும் ஒரு இலைமுளை ஒரே ஒரு முறை பூக்கும். அடுத்த பூ அடுத்த முளையில்தான். பூ எப்போது வரும் என்ற கேள்விக்கு முக்கால்வாசிப் பதில் இதற்குள் இருக்கிறது.

மட்டக்களப்பு வெப்பத்தில் இது உண்மையிலேயே வளருமா?

வகையைச் சரியாகத் தெரிந்தெடுத்தால் வளரும். தவறான வகையை எடுத்தால் எந்தக் கவனிப்பும் உதவாது.

தொடக்கத்துக்கு ஏற்றது மோடியே கலப்பினங்கள். இலையில் பாம்புத்தோல் போலக் கரும்பச்சையும் வெளிர்பச்சையும் கலந்த புள்ளிக்கோலம் இருக்கும். கலோசம், லோரன்சியானம் போன்ற வெப்பநிலத்து இனங்களிலிருந்து வந்தவை என்பதால் இரவு 22, 24 பாகை செல்சியஸில் நின்றாலும் தாங்கும். அடுத்தது பிரிமுலினம், அதன் கலப்பினமான பினோக்கியோ. இவை ஒரே தண்டில் ஒரு பூ முடிய அடுத்த பூவாக மாதக்கணக்கில் பூப்பவை. மூன்றாவதாக நைவியம், கொன்கலர் போன்ற குட்டை வகைகள். நைவியம் லங்காவித் தீவுகளிலும் தென் தாய்லாந்திலும் கடலோரச் சுண்ணாம்புப் பாறைகளில் வளர்வது, கடல் மட்டத்து வெப்பம் அதற்குப் புதிதல்ல. ஆனால் தண்ணீர் தேங்கினால் உடனே அழுகும், ஆகவே முதல் செடியாக அதை வாங்க வேண்டாம்.

இடம் இருந்தால் பிலிப்பினென்ஸ். பட்டையான பச்சை இலை, முறுக்கிய நீள இதழ்கள், ஒரு தண்டில் மூன்று நான்கு பூ. வெப்பத்தைத் தாங்கும், ஒளியும் கூடுதலாக வேண்டும். நாற்றிலிருந்து வளர்ப்பதென்றால் நீண்ட பொறுமை தேவை.

வேண்டாதவை: இன்சிக்னே, விலோசம், அவற்றிலிருந்து வந்த உருண்டையான பெரிய ஒற்றைப் பூக் கலப்பினங்கள். இவற்றுக்கு 13 பாகையை ஒட்டிய குளிர் இரவுகள் கிடைத்தால்தான் மொட்டு வரும். நுவரெலியாவில் பூத்து நிற்பதைப் பார்த்து ஆசைப்பட்டுக் கல்முனைக்குக் கொண்டுவந்தால், இலை மட்டும் சில காலம் வரும், பிறகு அதுவும் நிற்கும். புள்ளிக்கோல இலையா, வெறும் பச்சைப் பட்டை இலையா என்று பார்ப்பது ஒரு எளிய வழி. புள்ளிக்கோலம் பெரும்பாலும் வெப்பத்துக்கு ஒத்துவரும். வெறும் பச்சையென்றால் பெயரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

பூவைப் பார்த்து வாங்காதீர்கள், அடியைப் பாருங்கள். ஒற்றை முளையில் பூத்து நிற்கும் செடி தன் வேலையை முடித்துவிட்டது; பக்கத்தில் புதுமுளை இல்லாவிட்டால் அடுத்த பூவுக்கு இரண்டு வருடம்கூட ஆகலாம். இரண்டு மூன்று முளை உள்ள செடி விலை கூடினாலும் அதுவே இலாபம். செடியின் அடியை இரு விரலால் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். உறுதியாக நின்றால் வேர் இருக்கிறது, ஆடினால் இல்லை. புதிய இலை பழைய இலையைவிடச் சிறிதாக வந்திருந்தால் செடி தேய்ந்துகொண்டு போகிறது என்று அர்த்தம். இலை நீளவாக்கில் சுருங்கித் தொய்ந்திருந்தாலும் வேண்டாம்.

இலங்கைக் காடுகளில் பாபியோ இயற்கையாக இல்லை. நமக்கு மிக அண்மையில் உள்ளது தென்னிந்தியாவின் அகத்தியமலைப் பகுதிக்கே உரிய ட்ரூரி. அதைச் சேகரிப்பாளர்கள் பிடுங்கிப் பிடுங்கியே காட்டில் அழியும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். இந்தப் பேரினம் முழுவதும், அருகிவரும் காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றீஸ் உடன்படிக்கையின் முதலாம் இணைப்பில் உள்ளது. அதாவது காட்டிலிருந்து எடுத்த செடியை நாடுவிட்டு நாடு விற்க முடியாது. சிங்கப்பூர், தாய்லாந்து போகிறவர்களிடம் ‘ஒன்று பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்’ என்று சொல்ல வேண்டாம். இறக்குமதி அனுமதி, தாவர சுகாதாரச் சான்றிதழ், சைற்றீஸ் பத்திரம் இல்லாமல் வந்தால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பறிபோகும், போகவும் வேண்டும். நாட்டுக்குள்ளேயே நாற்றுமேடையில் பெருக்கிய செடியைக் கேட்டு வாங்குங்கள்.

மலைநாட்டிலிருந்து வந்த செடியை முதல் நான்கு வாரம் மற்றச் செடிகளிலிருந்து தள்ளி, கூடுதல் நிழலில் வையுங்கள். அந்த வாரங்களில் பசளை வேண்டாம்.

வீட்டில் எந்தப் பக்கம் வைப்பது?

கிழக்கு விறாந்தை முதல் தெரிவு. காலை எட்டு, எட்டரை வரை வெயில் இலையில் படலாம், அதன்பின் நிழல்.

வடக்கு விறாந்தை எப்போதும் நிழல் என்று நினைப்பவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள். மட்டக்களப்பு வட அகலக்கோடு 7.7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் 10 அளவில் சூரியன் நேர் உச்சியைத் தாண்டி வடக்கே சாயும். செப்டெம்பர் தொடக்கம் வரை நண்பகல் வெயில் வடக்குப் பக்கத்திலிருந்துதான் வரும். சரியாகக் கடும் கோடை மாதங்கள் அவை. தை மாதம் நிழலாக இருந்த இடத்தில் வைகாசியில் இலை வெந்து வெள்ளையாவது இதனால்தான். வடக்கு விறாந்தையில் வைப்பதென்றால் ஏப்ரல் தொடங்கும்போதே நிழல் வலையைத் தொங்கவிடுங்கள். தெற்குப் பக்கத்துக்கு இதே கணக்கு மறுபுறமாக, ஐப்பசி முதல் மாசி வரை. மேற்குப் பக்கம் வேண்டவே வேண்டாம். பிற்பகல் வெயிலும் கச்சானும் ஒன்றாக அடிக்கும்.

திறந்த வளவில் வைப்பவர்கள் 75 அல்லது 80 வீத நிழல் வலை போட வேண்டும். டென்ரோபியத்துக்குப் போடும் 50 வீத வலை போதாது. தேவையான ஒளி நண்பகலில் சுமார் 10,000 லக்ஸ். பிலிப்பினென்ஸுக்கு 15,000 முதல் 20,000 வரை. கைத்தொலைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலிகள் மோட்டாக என்றாலும் காட்டிவிடும். அதுவும் இல்லையென்றால் இலைக்கு ஒரு அடி மேலே கையைப் பிடியுங்கள். நிழல் தெரிய வேண்டும், ஆனால் விரல்களின் ஓரம் கலங்கலாக இருக்க வேண்டும். ஓரம் கூர்மையாக விழுந்தால் வெயில் கூட. நிழலே தெரியாவிட்டால் பூ வராது.

செடியை நிலத்தில் வைக்காமல் இரண்டரை அடி உயரத் தட்டில் வையுங்கள். நத்தையும் மாரி வெள்ளமும் எட்டாது, கீழாலும் காற்று ஓடும். தகரக் கூரைக்கு நேர் கீழே நான்கு அடிக்குள் எந்தத் தட்டும் வேண்டாம்.

என்ன கலவையில் நடுவது?

மண் கூடாது. கடற்கரை மணல் கூடவே கூடாது. பத்துப் பங்கில் இப்படிப் பிரிக்கலாம்: ஒரு சென்ரிமீற்றர் அளவு வெட்டிய பொச்சு மட்டை (தேங்காய் உரிமட்டை) துண்டு ஐந்து பங்கு, அதே அளவு மரக்கரி அல்லது சிரட்டைக்கரி இரண்டு பங்கு, உடைத்த கூரை ஓடு அல்லது செங்கல் இரண்டு பங்கு, பேர்லைட் (இலேசான வெள்ளை எரிமலைக்கல் துகள்) ஒரு பங்கு. பேர்லைட் கிடைக்காவிட்டால் ஓட்டுத்துண்டை மூன்று பங்காக்குங்கள். கரியையும் ஓட்டையும் அரித்துத் தூளை வீசிவிட வேண்டும். தூள்தான் சாடியின் அடியில் சேறாகி வேரை மூச்சுத்திணற வைக்கும். நான்கு அங்குலச் சாடி ஒன்றுக்கு ஏறக்குறைய அரை லீற்றர் கலவை போகும்.

பொச்சு மட்டையில் நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு, இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தென்னை தன் மட்டையில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் சேர்த்து வைத்திருக்கும். களப்போரத் தோட்டங்களில் அது இன்னும் கூட. கயிறு திரிக்கக் களப்பு நீரில் ஊறப்போட்ட மட்டையென்றால் உப்பு நார் முழுக்க ஏறியிருக்கும். அதைத் தொடவே வேண்டாம். காய்ந்த, ஊறாத மட்டையை எடுத்து வெட்டி, நல்ல தண்ணீரில் 24 மணித்தியாலம் ஊறவையுங்கள். தேயிலைச் சாயம் போலத் தண்ணீர் இறங்கும். ஊற்றிவிட்டு மறுபடி, மூன்று முறை. ஆனால் வெறும் தண்ணீர் நாரோடு பிணைந்த சோடியத்தைக் கழற்றாது, கல்சியம்தான் அந்த இடத்தைப் பிடித்து அதைத் தள்ளும். ஆகவே நான்காவது முறை, நான்கு லீற்றர் தண்ணீரில் 15 கிராம் கல்சியம் நைத்திரேற்று கரைத்து ஒரு நாள் ஊறவைத்து, இரண்டு முறை அலசி எடுங்கள். இந்த ஐந்து நாள் வேலையைத் தவிர்த்தவர்களின் செடியில் மூன்று நான்கு மாதத்துக்குள் இலைநுனி கருகத் தொடங்கும்.

நைவியம், கொன்கலர், பிலிப்பினென்ஸ் மூன்றும் சுண்ணாம்பு விரும்பிகள். நான்கு அங்குலச் சாடிக்கு அரைத் தேக்கரண்டி டொலமைற் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மேலே தூவலாம். தென்னைக்குப் போடும் அதே டொலமைற்தான். நன்றாகக் கழுவி இடித்த சிப்பி ஓடும் சரி. வெற்றிலைச் சுண்ணாம்பு வேரை எரித்துவிடும், போட வேண்டாம். பாசிக்குடா, கல்குடாப் பக்கத்து முருகைக்கல்லை எடுத்து உடைத்துப் போடுவதும் வேண்டாம், அது கடலுக்குரியது.

எப்போது, எப்படி மாற்றி நடுவது?

இங்குள்ள வெப்பத்தில் பொச்சு 12 முதல் 15 மாதத்தில் உளுத்துவிடும். ஆகவே வருடத்துக்கு ஒரு முறை. நல்ல காலம் மாசி, பங்குனி: மாரி முடிந்திருக்கும், கச்சான் தொடங்குமுன் புதுவேர் பிடிக்க இரண்டு மூன்று மாதம் கிடைக்கும். மொட்டு நிற்கும் செடியை விட்டுவிடுங்கள், பூ முடியட்டும்.

செடியைக் கவிழ்த்துப் பழைய கலவையை விரலால் உதிருங்கள். பாபியோ வேர் மண்ணிறமாக, மேலே மயிரடர்ந்து இருக்கும். டென்ரோபியத்தின் வெள்ளை வேரைப் பார்த்துப் பழகியவர்கள் இதை அழுகியது என்று நினைத்து வெட்டிவிடுகிறார்கள். நிறத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், அழுத்திப் பாருங்கள். உறுதியாக இருந்தால் உயிர், நசுங்கித் தோல் உரிந்து நடுநரம்பு மட்டும் வந்தால் இறந்தது. ஒரு செடிக்கு வேர்கள் சிலதான், ஒவ்வொன்றும் முக்கியம்.

சாடி சிறிதாக இருக்கட்டும். ஒற்றை முளைக்கு மூன்று அங்குலம், மூன்று முளைக்கு நான்கு. பெரிய சாடியின் நடுப்பகுதி காயாமல் புளித்துப் போகும். செடியின் அடி கலவைக்கு ஒரு சென்ரிமீற்றர் கீழே இருக்க வேண்டும். புதுவேர் புதுமுளையின் அடியிலிருந்து வரும். அது ஈரத்தைத் தொடாமல் காற்றில் நின்றால் நுனி காய்ந்து வளர்ச்சி நிற்கும். வருடங்கள் போகப் போகச் செடி கலவைக்கு மேலே ஏறி வருவது இயல்பு, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தாழ்த்தி நடுங்கள். நட்டபின் செடி ஆடக்கூடாது. ஆடினால் ஒரு ஈர்க்கை ஊன்றிக் கட்டிவிடுங்கள்.

கிணற்றுத் தண்ணீர் ஊற்றலாமா?

அளந்து பார்த்துத்தான் சொல்லலாம். கடலுக்கும் களப்புக்கும் நடுவில் உள்ள நிலத்துண்டில் ஒரே ஒழுங்கையில் ஒரு கிணறு நல்ல தண்ணீராகவும் அடுத்தது உவராகவும் இருக்கும். நாக்கில் பட்டு உப்பாகத் தெரியுமுன்னரே பாபியோவுக்கு அது கூடிவிடும். தண்ணீரில் கரைந்துள்ள உப்பைப் பிபிஎம் கணக்கில் காட்டும் ரீடீஎஸ் மீற்றர் ஒன்றை வாங்குங்கள். 150க்குள் இருந்தால் தாராளமாக ஊற்றலாம். 150 முதல் 300 என்றால் பாதிக்குப் பாதி மழைநீர் கலந்து ஊற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம். ஆவணியில் கிணறு வற்றும்போது உப்பு ஏறும், அப்போது மறுபடி அளக்க வேண்டும்.

மழைநீரே சிறந்தது, தேவைப்படும் அளவும் நினைப்பதைவிடக் குறைவு. பத்துச் சாடி, சாடிக்கு 300 மில்லிலீற்றர், கிழமைக்கு மூன்று முறை என்றால் ஒன்பது லீற்றர். மே முதல் செப்டெம்பர் வரை 22 கிழமைக்கு ஏறக்குறைய 200 லீற்றர், ஒரு பெரிய பீப்பாய். பத்துச் சதுர மீற்றர் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தாலே 250 லீற்றர் பீலியில் வரும். நீண்ட வெயிலுக்குப் பின் வரும் முதல் மழையைப் பிடிக்காதீர்கள். கூரையில் படிந்த கடலுப்பும் தூசும் அதில்தான் கழுவுப்படும். பீப்பாயின் வாயை நுண்வலையால் இறுகக் கட்டுங்கள். டெங்கு நுளம்புக்குத் தொட்டில் கட்டிக் கொடுக்கக் கூடாது.

காலை ஒன்பது மணிக்குள், சாடியின் அடியால் வடியும்வரை ஊற்றுங்கள். கோடையில் இரண்டு நாளுக்கு ஒரு முறை, மாரியில் ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒரு முறை. இது தொடக்கக் கணக்கு மட்டுமே. சரியான கணக்கைச் சாடியின் கனம் சொல்லும். ஊற்றியவுடன் ஒரு முறை, மறுநாள் ஒரு முறை தூக்கிப் பழகினால் இரண்டு கிழமையில் கைக்குத் தெரிந்துவிடும். இலையின் நடுக்குருத்தில் நீர் நின்றால் துணி முனையால் ஒற்றி எடுங்கள்.

கச்சான் அடிக்கும் மாதங்களை எப்படிக் கடப்பது?

இங்கே சிலிப்பர் ஓர்கிட்டின் உயிர் இருப்பது இந்தக் கேள்வியில். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மறுபக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, நம் பக்கம் இறங்கும்போது வெந்து உலர்ந்து வருகிறது. வெப்பம் 34, 35 பாகைக்குப் போவதைவிட அந்த உலர்வே செடியை அதிகம் கொல்லும். இலை இழக்கும் வேகத்துக்கு வேர் தண்ணீர் கொடுக்க முடியாது.

உலர்ந்த காற்றில் ஒரு நன்மையும் உண்டு: தண்ணீர் வேகமாக ஆவியாகும், ஆவியாகும்போது குளிரும். ஏழு அங்குல மண் சட்டி ஒன்றில் ஆற்றுமணல் நிரப்பி, நான்கு அங்குலச் சாடியை அதற்குள் இறக்குங்கள். மணலை மட்டும் காலையும் மாலையும் நனையுங்கள். மண் சட்டியின் புறம் வியர்த்து, வேர்ப்பகுதி வெளிக்காற்றைவிடக் குளிர்ந்து நிற்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே விதத்தில்தான். சாடியின் அடித்துளை மணலில் புதையாமல் இரண்டு ஓட்டுத்துண்டின்மேல் அமர்த்துங்கள். விறாந்தை நிலத்துக்குப் பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் தண்ணீர் தெளியுங்கள். மேற்குப் பக்கம் ஒரு ஈரச்சாக்கைத் தொங்கவிட்டால் காற்று அதற்குள்ளால் வரும்போது தணியும். வெயில் நேரத்தில் இலைமேல் தெளிப்பதைத் தவிருங்கள். துளி காய்ந்த இடத்தில் உப்புப் புள்ளி விழும்.

இந்த மாதங்களில் செடி வளராமல் நின்றால் பயப்பட வேண்டாம். 34 பாகைக்கு மேல் போகும் கிழமைகளில் பசளையை நிறுத்துங்கள், குடிக்காத வேருக்கு அது வெறும் உப்பு. கச்சானைக் கடந்த செடிக்குத்தான் மாரியில் புதுவேர் வரும்.

மாரி மழையில் வெளியே விடலாமா?

கூடாது. ஐப்பசி முதல் தை வரை கூரைக்குக் கீழேதான். மழைநீர் நல்லது, ஆனால் மூன்று நாள் விடாத மழையில் குருத்துக்குள் நீர் நின்று அழுகும். சாடிகளுக்கிடையே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். காற்று அசையாத நாட்களில் ஒரு சின்ன மின்விசிறியைச் சுவரைப் பார்த்து ஓடவிடுங்கள்.

பசளை எது, எவ்வளவு?

நைதரசன், பொசுபரசு, பொட்டாசியம் மூன்றும் சமமாக உள்ள 20-20-20 கலவை, லீற்றருக்கு அரைக் கிராம். கடையில் கிடைக்கும் அல்பேர்ட் கலவையும் அதே அரைக் கிராம்தான். பொட்டலத்தில் எழுதியிருப்பது மரக்கறிப் பயிருக்கான அளவு. மூன்று முறை பசளை நீர், நான்காவது முறை வெறும் மழைநீரைச் சாடியால் இரண்டு மடங்கு ஓடவிட்டுக் கழுவுதல். மாதம் ஒரு முறை லீற்றருக்கு அரைக் கிராம் எப்சம் உப்பு. சாணம், எரு, தேங்காய்த் தண்ணீர், பால் எதுவும் வேண்டாம். சாணம் கலவையை அடைக்கும். தேங்காய்த் தண்ணீரின் சீனி எறும்பைக் கூப்பிடும், எறும்பு வெண்மூட்டுப்பூச்சியைச் சுமந்து வரும்.

பூ வர எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்?

ஆய்வுகூடப் போத்தலில் விதையிலிருந்து வளர்த்து எடுத்த மோடியே நாற்றுக்கு மூன்று முதல் ஐந்து வருடம். பூக்கும் பருவத்துக்கு அண்மித்த செடிக்கு ஏறக்குறைய ஒரு வருடம். பூத்து முடிந்த செடியின் பக்கமுளை முற்றிப் பூக்க ஒன்றரை வருடம்வரை போகும். பலபூ வகைகள் இவை எல்லாவற்றையும்விட மெதுவானவை. போர்ணியோவின் கினபாலு மலைப்பகுதிக்கு உரிய ரொத்சைல்டியானம் நாற்றிலிருந்து பூக்கப் பத்து வருடம் எடுப்பது சாதாரணம். வருடாவருடம் பூ வேண்டுமென்றால் வழி ஒன்றுதான்: வெவ்வேறு வயதில் மூன்று நான்கு முளை உள்ள ஒரே கொத்தாக விட்டு வளர்ப்பது.

முற்றிய முளையில் நான்கு ஐந்து இலை இருக்கும், இலை விரிப்பு மோடியேயில் 20 சென்ரிமீற்றரைத் தாண்டும். அப்போது நடுவில் வரும் குருத்தை மாலையில் ரோர்ச் வெளிச்சத்தில் பக்கவாட்டாகப் பாருங்கள். வெறும் இலை தட்டையாக இருக்கும். மொட்டுறை என்றால் இரு தட்டை உறைகளுக்கு நடுவே பயறு போன்ற ஒரு தடிப்பு நிழலாகத் தெரியும். விரலால் பிரித்துப் பார்க்காதீர்கள், அப்படிப் பார்த்த மொட்டு திறக்காது. தடிப்புத் தெரிந்ததிலிருந்து பூ விரிய ஏறக்குறைய இரண்டு மாதம். சில உறைகள் அதற்கு முன் பல கிழமைகள் அசையாமல் நிற்கும்.

இலை செழிப்பாக இருக்கிறது, மூன்று வருடமாகப் பூ இல்லை. ஏன்?

இலை கரும்பச்சையாக, நீளமாகத் தொய்ந்திருந்தால் ஒளி போதாது. நல்ல ஒளியில் இலை கொஞ்சம் வெளிர்பச்சையாகவும் நிமிர்ந்தும் நிற்கும். ஒரே நாளில் வெளியே இழுக்காமல், பத்து நாளுக்கு ஒரு அடியாக நகர்த்துங்கள். ஒளி சரியென்றால் பசளையைப் பாருங்கள், நைதரசன் கூடினால் இலைதான் வரும். மூன்றாவது, ஆண்டுதோறும் பிரித்துப் பிரித்து நட்டது. நான்காவது, செடி குளிர்வகையாக இருப்பது. அப்படியானால் மலைநாட்டில் உள்ள உறவினரிடம் கொடுத்துவிடுவதே செடிக்குச் செய்யும் நன்மை.

மார்கழி, தை இரவுகள் இங்கே 22, 23 பாகைக்கு இறங்கும். அந்த இரவுக் குளிர்ச்சி மொட்டுக்கு உதவும். முற்றிய செடிகளை அந்த மாதங்களில் சுவர்ச் சூட்டிலிருந்து தள்ளி, காற்றோட்டமான ஓரத்துக்கு மாற்றுங்கள்.

மொட்டு வந்து கறுத்து விழுந்துவிட்டது. என்ன பிழை?

முதலில் விறாந்தையில் வாழைக்குலை தொங்குகிறதா என்று பாருங்கள். பழுக்கும் வாழையும் மாம்பழமும் எதிலீன் வாயுவை விடும், அது மொட்டை உதிர்க்கும். மண்ணெண்ணெய் அடுப்புப் புகையும் ஊதுபத்திப் புகையும் அப்படித்தான். இரண்டாவது, மொட்டு வந்த செடியை இடம் மாற்றுவது. மூன்றாவது, ஒரு நாள்கூட முழுதாகக் காய விடுவது. மொட்டு காய்ந்து சுருங்காமல் நீராக நசிந்திருந்தால் உறைக்குள் தண்ணீர் நின்றிருக்கிறது.

மொட்டுத் தண்டு ஏழெட்டு அங்குலம் வந்ததும் ஒரு தடித்த ஈர்க்கை வேரைக் குத்தாமல் ஓரமாக ஊன்றித் தளர்வாகக் கட்டுங்கள். சாடியைத் திருப்ப வேண்டாம். ஒளியைத் தேடிப் பூ முறுகிப்போகும்.

பூ எத்தனை நாள் நிற்கும்? பூத்தபின் என்ன செய்வது?

நிழலான இடத்தில் ஐந்து ஆறு கிழமை, மாரிக் குளிர்ச்சியில் இரண்டு மாதத்தைத் தாண்டும். சாமிப்படத்துக்கோ கோயிலுக்கோ வைக்க விரும்பினால் தாராளமாக வெட்டுங்கள், முளைக்கு அதனால் இழப்பில்லை, தண்ணீரில் பல நாள் நிற்கும். கத்தியை நெருப்பில் காட்டிய பின்பே வெட்ட வேண்டும், ஒரு செடியின் வைரசு அடுத்ததுக்குக் கத்தியில்தான் போகிறது. பிரிமுலினம், பினோக்கியோ இரண்டிலும் பூ உதிர்ந்தாலும் தண்டை வெட்டாதீர்கள். அதே நுனியில் அடுத்த மொட்டு வரும். தண்டு தானாக மண்ணிறமாகும்வரை விடுங்கள். பூத்த முளையின் இலைகளையும் வெட்ட வேண்டாம், பக்கமுளைக்குச் சோறு ஊட்டுவது அவைதான்.

பிரித்து நட்டு அயலுக்குக் கொடுக்கலாமா?

ஆறு முளைக்கு மேல் வந்தபின், மூன்று மூன்றாக. ஒற்றை முளையாகப் பிரித்தால் பிழைக்கும், ஆனால் இரண்டு மூன்று வருடம் பூக்காது. கையால் மெல்ல வளைக்கும்போது தானாக விலகும் இடத்தில் மட்டும் பிரியுங்கள்.

அழுகல் வந்துவிட்டது. காப்பாற்ற முடியுமா?

மணத்தையும் அடியையும் பாருங்கள். இலை மண்ணிறமாகி, நீர் கோர்த்து, நாற்றம் அடித்தால் பக்ரீரியா அழுகல். அது மணித்தியாலக் கணக்கில் பரவும், மறுநாள் காலை வரை தள்ளிப்போட வேண்டாம். நெருப்பில் காட்டிய கத்தியால், பழுதான இடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் கீழே, நல்ல பச்சையில் வெட்டி, வெட்டுவாயில் கறுவாத்தூளை அப்புங்கள். கறுவா வெட்டிய இலைக்கு மட்டும்; வேரில் பட்டால் வேரையும் உலர்த்திவிடும். மூன்று நாள் தண்ணீர் இல்லாமல், காற்றோட்டத்தில் தனியே வையுங்கள்.

அடியில் வெள்ளை நூல் படர்ந்து கடுகு போன்ற மண்ணிற மணிகள் இருந்தால் அது வேறு, ஸ்கிளரோசியம் பூஞ்சணம். வெப்பமும் ஈரமும் சேரும்போது வரும். அந்த மணிகள் கலவையில் நீண்டகாலம் உயிரோடு கிடக்கும். கலவையையும் பிளாஸ்டிக் சாடியையும் எரிக்காமல் பையில் கட்டி அகற்றுங்கள், குப்பைமேட்டிலோ வாழையடியிலோ கொட்ட வேண்டாம். நல்ல முளை ஏதும் மிஞ்சியிருந்தால் கழுவிப் புதுக் கலவையில் நடுங்கள்.

பூச்சிகளுக்கு?

இலையடியில் பஞ்சுபோல் இருப்பது வெண்மூட்டுப்பூச்சி. 70 வீத ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் துடைத்து, ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை திரும்பச் செய்யுங்கள். ஒரு முறையோடு நிறுத்தினால் முட்டை பொரித்து மறுபடி வரும். கோடையில் இலையடி வெள்ளி பூசியது போல மங்கினால் சிற்றுண்ணி. மாலையில் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் கழுவித் துடைத்தாலே பாதி போய்விடும். மிச்சத்துக்கு லீற்றருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயும் சில துளி பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். நத்தையை மாரி இரவுகளில் ரோர்ச் அடித்துக் கையால் பொறுக்குவதே நல்லது. ஒரே இரவில் ஒரு மொட்டைத் தின்றுவிடும்.

ஒரு கிழமை வீட்டில் இல்லாவிட்டால்?

மாரியில் ஒன்றும் செய்ய வேண்டாம், போகும் அன்று காலை நன்றாக ஊற்றிவிட்டுப் போங்கள். கோடையில் மணல் நிரப்பிய மண் சட்டிக்குள் சாடியை வைத்து, அயலில் ஒருவரிடம் மணலை மட்டும் நாளுக்கு ஒரு முறை நனைக்கச் சொல்லுங்கள். செடிக்கு ஊற்றச் சொன்னால் பாசத்தில் கூட ஊற்றிவிடுவார்கள்.

வேரே இல்லாமல் இலை மட்டும் மிஞ்சிய செடியை வீசுவதா?

இலை இன்னும் பச்சையென்றால் வேண்டாம். செத்த வேரை நீக்கி, கழுவிய பொச்சுத் தும்பை ஈரமாக்கிப் பிழிந்து அடியில் சுற்றி, மூன்று அங்குலச் சாடியில் வையுங்கள். அதை ஒரு பெரிய தெளிந்த பிளாஸ்டிக் பைக்குள் இட்டு, வாயைப் பாதி மூடி, வெயிலே படாத வெளிச்சமான இடத்தில் விடுங்கள். கிழமைக்கு ஒரு முறை பையைத் திறந்து காற்று மாற்றுங்கள். பசளை வேண்டாம். ஆறு முதல் பத்துக் கிழமையில் அடியிலிருந்து வெண்மஞ்சள் நுனியோடு ஒரு வேர் எட்டிப் பார்த்தால், அதன்பின் ஒரு மாதம் பொறுத்து மெல்ல வெளியே எடுக்கலாம்.